இருமலுக்கு வேப்பிலை கட்டிய கதை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் பயிற்சிப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். கை கழுவுவது எப்படி என்று ஆறு படம் போட்டிருக்கிறார்கள். தும்மும்போது முழங்கையை எப்படி மடக்குவது என்று இரண்டு படம். நல்ல புத்தகம்தான். ஆனால் வேன் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்ட சொந்தக்காரரை வாசலிலேயே நிறுத்துவது எப்படி என்று ஒரு படம்கூட இல்லை. நம் வேலையில் பாதி அதுதான்.

நான் வீடு வீடாகப் போகும் நர்ஸாக, நம் ஆள்கள் சொல்கிற மிஸ்ஸியாக, முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தேன். பெரும்பாலும் பிரிக்பீல்ட்ஸ், நடுவில் சில வருஷம் கிள்ளான். தாயையும் சேயையும் பார்ப்பது, எடை போடுவது, தொப்புளைச் சுத்தம் செய்வது, பால் குடிக்கிறதா என்று கேட்பது. இதையெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிசம்பர் மாதத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் குளிர்காலம் கிடையாது. குளிர்காலம் செய்ய வேண்டிய வேலையைச் சொந்தக்காரர்கள் செய்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் மூடுவார்கள், சாயங்காலம் தவறாமல் மழை பெய்யும், கல்யாணம், கிறிஸ்துமஸ், வந்தவர்க்கெல்லாம் சாப்பாடு போடும் ஓப்பன் ஹவுஸ் என்று ஒவ்வொரு வீட்டிலும் இருபது ஜோடி செருப்பு கிடக்கும். ஈப்போவில் கிளம்பிய சளி சுங்கை பூலோவில் இரண்டு நாள் தங்கி, சாப்பிட்டு, பிரிக்பீல்ட்ஸ் வந்து சேரும். அதற்குக் கிருமிதான் காரணம் என்று நம் ஆள்களிடம் சொல்லிப் பாருங்கள். "இல்ல மிஸ்ஸி, இது மழைச் சளி." "இது ஐஸ் கச்சாங் சாப்பிட்டதால வந்தது." "தலைக்குக் குளிச்சிட்டு ஃபேனுக்கு அடியில படுத்தான் மிஸ்ஸி, அதான்." ஒருவர் தன் இருமலுக்கு மாமியார்தான் காரணம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அடுத்தவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று மட்டும் ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு டிசம்பர். ரயில்வே குவார்ட்டர்ஸில் சரோஜா என்று ஒரு பெண். அவள் கணவன் கோபால் ரயில்வேயில் வேலை. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை, அதுவும் ஏழு மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டது. பல வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, எடை இரண்டு கிலோவைத் தொட்டதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் மூடியிருந்த நேரம். அதைவிட மோசமான நேரம் பார்த்து அனுப்பியிருக்க முடியாது.

எங்கள் கிளினிக்கில் ஒரு சிஸ்டர் இருந்தார், எங்களுக்கெல்லாம் மேலதிகாரி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, பேச்சு ரொம்பக் குறைவு. என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பிள்ளைக்கு நெஞ்சு இன்னும் பலமில்லை. நமக்குச் சளின்னா மூணு நாள். அதுக்குச் சளின்னா திரும்ப ஆஸ்பத்திரி, அப்புறம் என்ன ஆகும்னு சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் இருமுற ஆள் யாரும் கிட்ட வரக்கூடாது. பார்த்துக்கொள்," என்றார். "சரி சிஸ்டர்," என்றேன். அந்த 'சரி'யைச் சொல்ல எனக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை.

முதல் நாள் போனபோது வீட்டில் ஒன்பது பேர். அதில் மூன்று பேருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு அங்கிள் மூக்கைத் துடைத்த அதே கையால் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளப் போனார். நான் கையைப் பிடித்தேன். குலுக்கத்தான் பிடிக்கிறேன் என்று நினைத்து அவர் சந்தோஷமாகக் குலுக்கினார்.

எல்லாரும் போன பிறகு சரோஜாவையும் கோபாலையும் உட்கார வைத்துப் பேசினேன். வருகிறவர்களிடம் வராதீர்கள் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். சரோஜா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "வீட்டுக்கு வர்றவங்கள எப்படி மிஸ்ஸி வராதேன்னு சொல்றது? எட்டு வருஷமா எனக்காகக் கோயில் கோயிலாப் போனவங்க." கோபால், தான் சொல்வதாக வீரமாகக் கிளம்பினான். மறுநாள் வாசலில் நின்று முதல் ஆளைப் பார்த்து வாயைத் திறந்தான். வாயிலிருந்து வந்தது, "வாங்கண்ணே, சாப்பிட்டுட்டுப் போங்க." அவனைப் பிடித்து நன்றாகத் திட்டினேன். பெற்ற பிள்ளையைவிட உனக்கு வந்தவன் வயிறு பெரிதா என்று கேட்டேன்.

அப்புறம் ஒரு நோட்டீஸ் எழுதி ஒட்டினேன். தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றிலும். 'சிறு குழந்தை இருக்கிறது, பார்வையாளர்கள் தயவுசெய்து வரவேண்டாம்.' அதை அந்த வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் நின்று வாசித்தார்கள். வாசித்துவிட்டு, என்னவோ ஏதோ என்று விசாரிக்க உள்ளே வந்தார்கள். நோட்டீஸ் ஒட்டிய பிறகு கூட்டம் கூடிவிட்டது என்பதுதான் உண்மை.

இதற்கிடையில் பக்கத்துக் கடைக்குப் போன் வந்தது. கிள்ளானிலிருந்து கோபாலின் அத்தை. அம்மா இல்லாத கோபாலை ஆறு வயதிலிருந்து வளர்த்தவர். சனிக்கிழமை வேனில் வருகிறாராம். அவர், அவர் பிள்ளைகள் ஐந்து பேர், நாத்தனார், நாத்தனார் பிள்ளைகள் நான்கு பேர். ஸ்கூல் திறக்கிற வரைக்கும் இருந்து சரோஜாவுக்குப் பத்தியம் சமைத்துப் போடுவார்களாம். போனை வைக்கும்போது, "பிள்ளைங்களுக்கெல்லாம் லேசா இருமல்டா. அங்க வந்தா சரியாப் போயிடும்," என்றாராம். கோபால் இதை என்னிடம் ஓடி வந்து சொன்னான். வரவேண்டாம் என்று அந்த அத்தையிடம் சொல்வதற்குப் பதில் ரயில் முன்னால் போய் நிற்கலாம் என்றான். ரயில்வேயில் வேலை பார்ப்பவன் அப்படிச் சொன்னால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலை எடை போடப் போனேன். குவார்ட்டர்ஸ் மூலையில் ஒரு வேப்பமரம். அதன் கீழே நின்று என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணாந்து பார்த்தேன். எனக்கு முப்பத்திரண்டு வயது, வேலையில் நல்ல பெயர். இல்லாவிட்டால் இந்த மாதிரி புத்தி வந்திருக்காது. ஒரு கொத்தை ஒடித்தேன், சரோஜா வீட்டு வாசல் நிலையில் கட்டினேன்.

வாசலில் வேப்பிலை தொங்கினால் உள்ளே அம்மை போட்டிருக்கிறது, அம்மா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். யாரும் படி ஏற மாட்டார்கள். வெளியாளும் வரமாட்டான், வீட்டாளும் போகமாட்டான். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. இலையைக் கட்டினேன், அவ்வளவுதான். சரோஜா மட்டும், "அம்மாவோட விளையாடலாமா மிஸ்ஸி?" என்று நடுங்கினாள். "அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்," என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

ஒரு மணி நேரத்தில் வரிசை அடங்கிவிட்டது. முதல் நாள் கன்னம் கிள்ள வந்த அங்கிள் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறினார். பேப்பர்காரர் தூரத்திலிருந்தே வீசினார். மூன்று மொழியில் எழுதியும் நடக்காதது ஒரு கொத்து இலையில் நடந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சிஸ்டரிடம் போய்ச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன், நல்லவேளை சொல்லவில்லை.

மத்தியானம் வேன் வந்தது. அத்தை முன்சீட்டிலிருந்து வேப்பிலையைப் பார்த்துவிட்டு வேனை நிறுத்தச் சொன்னார். இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, ரோட்டிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெரிய உடம்பு, பெரிய மூக்குத்தி. பின்னால் வேன் முழுக்க இருமல். அப்போதுதான் நான் அந்த வீட்டிலிருந்து பையோடு வெளியே வந்தேன். வெள்ளை உடுப்பைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"யாருக்கு மிஸ்ஸி?"

யாருக்கு என்று நான் முடிவு செய்திருக்கவில்லை. "கோபாலுக்கு," என்றேன்.

"முத்து எத்தனை?"

"இப்பதான்... ஆரம்பம்."

அவர் கண் கலங்கிவிட்டது. "நான் வளர்த்த பிள்ளை மிஸ்ஸி. இந்த நிலைமையில விட்டுட்டு எப்படிக் கிள்ளானுக்குத் திரும்பிப் போறது? மூணாம் தண்ணி ஊத்துற வரைக்கும் பக்கத்துல இருக்கணும்லா." மழை பிடித்துக்கொண்டது. பத்து பேர் வேனிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். என் வீடு இரண்டு வரிசை தள்ளி இருந்தது. அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது, "வாங்கத்தை, சாப்பிட்டுட்டுப் போங்க."

வேன்காரர் மூட்டைகளை இறக்கிவிட்டுக் கிள்ளானுக்குத் திரும்பிவிட்டார். மழை நின்ற பிறகும் அவர்கள் போகவில்லை. என் வீட்டுக்காரர் வாத்தியார், அவருக்கும் பள்ளி விடுமுறை. என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார், "நீ வேலைக்குப் போயிடுவ. நான் எங்க போறது?"

எங்கள் வீட்டில் இரண்டே அறை. அன்றிலிருந்து அத்தையின் சட்டம்தான். கோபால் வீட்டில் அம்மா இருக்கும்போது சொந்தக்காரர் தங்கிய இடத்தில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, மீன் கூடாது. டிசம்பரில் ஊரே கேக்கும் கோழியுமாகச் சாப்பிட, நாங்கள் கஞ்சியும் வெங்காயமும். என் வீட்டுக்காரர் சுங்கை வேயில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு அடிக்கடி போக ஆரம்பித்தார். திரும்பி வரும்போது அவர் மேல் மீன் வாசம் அடிக்கும். கேட்டால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்பார். இந்தப் பக்கம் ஒன்று இருமினால் அந்தப் பக்கம் இரண்டு பதில் சொல்லும். எல்லாருக்கும் கை கழுவச் சொல்லிக்கொடுத்தேன். கழுவினார்கள். ஒரே துண்டில் துடைத்தார்கள்.

கோபால்தான் ராஜா மாதிரி இருந்தான். அம்மை போட்டவன் வெளியே தலைகாட்ட முடியாதே, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடந்தான். அக்கம்பக்கத்தில் இளநீர் இளநீராக வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்தால் என்ன செய்வதென்று, அரிப்புக்குப் பூசும் காலமைன் மருந்தைத் தீக்குச்சியால் தொட்டு முகமெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டான். இளஞ்சிவப்புப் பொட்டு, வரிசை பிசகாமல். திங்கட்கிழமை எடை போடப் போனபோது நான் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. குழந்தைக்கு எடை ஏறியிருந்தது. மூச்சு சுத்தமாக இருந்தது. நானே தூக்கி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கொஞ்சினேன்.

புதன்கிழமை காலை கிளினிக்கில் கார்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இருமல் வந்தது. அடக்கினேன். அடங்காமல் இன்னும் இரண்டு வந்தது. சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா?"

"இது ஒண்ணுமில்ல சிஸ்டர். நேத்து மழைல நனைஞ்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. சிஸ்டர் சும்மா பார்த்தார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "கடைசியா எப்ப அந்தப் பிள்ளையைத் தூக்கினாய்?" என்றார். திங்கட்கிழமை என்றேன். "வீட்டுக்குப் போ. இனி நான் போய்ப் பார்க்கிறேன்," என்றார். பிள்ளைகளே, அந்த வேலையில் எனக்கு எத்தனையோ திட்டு கிடைத்திருக்கிறது. அன்றைக்குத் திட்டாமல் விட்டதுதான் தாங்க முடியவில்லை. ஊரையெல்லாம் வாசலில் நிறுத்திவிட்டு நானே அதை உள்ளே கொண்டுபோயிருக்கலாம். திங்கட்கிழமை எனக்குத் தொண்டை கரகரத்ததா இல்லையா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே நடந்தேன். கரகரத்த மாதிரிதான் இருந்தது.

வீட்டில் அத்தை இல்லை. நாத்தனார் கஞ்சி கிண்டிக்கொண்டே சொன்னாள், "அண்ணி குழந்தையத் தூக்கிட்டு வரப் போயிருக்காங்க மிஸ்ஸி. அம்மை போட்டவன் இருக்கிற வீட்டுல பச்சப்புள்ளைய வெச்சிருக்கலாமா? நம்ம மிஸ்ஸி வீட்டுலயே வெச்சுப் பார்த்துக்கலாம்னாங்க."

அத்தை சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. உண்மையிலேயே அம்மை இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பத்து பேர் இருமும் என் வீட்டுக்கு அந்தக் குழந்தையை அவர் தூக்கி வரப்போவது என் பொய்யை அவர் நம்பியதால்தான். குடையை எடுக்கவும் தோன்றவில்லை. மழையில் இரண்டு வரிசையும் ஓடினேன், நடுநடுவே நின்று இருமினேன்.

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு வேப்பிலைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். தோளில் குழந்தையைச் சுற்ற ஒரு கம்பளி. உள்ளே சரோஜா பிள்ளையை மார்போடு அணைத்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் பொட்டு வைத்த கோபால், ஒரு கையில் இளநீர். அத்தை இருமினார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "கொடு கண்ணு. ரெண்டு வாரம் நான் வெச்சுக்கிறேன்," என்று கையை நீட்டினார்.

கோபால் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. எனக்கு மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. சரோஜாதான் சொன்னாள்.

"அத்தை, வராதீங்க. உங்களுக்கு இருமல் இருக்கு. பிள்ளைக்கு ஆகாது."

சொல்லிவிட்டாள். எட்டு வருஷம் அவளுக்காகக் கோயில் சுற்றிய கால்கள் படியில் நிற்கின்றன. இதோடு இந்தக் குடும்பம் முடிந்தது, கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் இனி பேச்சுவார்த்தை கிடையாது என்று நான் நினைத்தேன்.

அத்தை நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். ஒரு படி இறங்கினார்.

"சரி," என்றார்.

அவ்வளவுதான். பிறகு கோபாலைப் பார்த்தார். "மழைச்சாரல்ல உன் முத்தெல்லாம் வழியுதுடா," என்றார். கோபால் தாடையைத் தொட்டுப் பார்த்தான்.

நடந்ததையெல்லாம் வாசலில் நின்றே ஒப்புவித்தேன். வேப்பிலை என் வேலை என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. "பிள்ளைக்கு ஆகாது, வராதீங்கன்னு போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கிள்ளான்லயே இருந்திருப்பேன்லா மிஸ்ஸி. இத என்கிட்ட சொல்றதுக்கா இத்தனை பேரு பயந்தீங்க? நான் என்ன, பிள்ளையத் தின்னுடுவேனா?" என்றார். எல்லாருக்கும் எல்லா மொழியிலும் நோட்டீஸ் எழுதிய நான், அத்தையிடம் நேராக ஒரு தடவை சொல்லியிருக்கவில்லை. நான் ஏதோ சொல்ல ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அத்தை கையைக் குறுக்கே நீட்டினார்.

"நீங்களும் வராதீங்க மிஸ்ஸி. இருமுறீங்க."

அடுத்த ஐந்து நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. சிஸ்டர் தினமும் போய்ப் பார்த்துவிட்டு, என் வீட்டு வாசலில் நின்று, நான் கேட்பதற்கு முன்பே, "மூச்சு சுத்தம்," என்பார். ஆறாம் நாள் நான் கிளினிக்குக்குத் திரும்பியபோது, "இனிப் பயமில்லை," என்றார். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து கார்டு அடுக்கினேன்.

அத்தையும் பரிவாரமும் ஸ்கூல் திறக்கிற வரைக்கும் என் வீட்டில்தான் இருந்தார்கள், ஆனால் எண்ணெய்ச் சட்டி திரும்பிவிட்டது. வேப்பிலையை அவிழ்த்துவிட்டு, அம்மாவை வைத்து விளையாடியதற்கு வரிசை முழுக்கக் கூழ் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். தன் இருமல் நின்ற மறுநாளிலிருந்து அத்தை, பிளாஸ்டிக் நாற்காலியைக் கோபால் வீட்டு வாசலுக்கு வெளியே போட்டு, குடை பிடித்து உட்கார்ந்துகொண்டார். வருகிற ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்ப்பார். "இருமலா? அப்ப ஜனவரிக்கு மேல வாங்க அண்ணே. பிள்ளைக்கு ஆகாது." ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கன்னம் கிள்ளும் அங்கிள் மூன்று முறை வந்து மூன்று முறையும் திரும்பிப் போனார். நாலாம் முறை தனக்குச் சளியே இல்லை என்று வாதாடி, வாதாடும்போதே தும்மினார். நானும் ஒரு நாள் போய் நின்றேன். "மூச்ச இழுத்து விடுங்க மிஸ்ஸி," என்றார். இழுத்தேன், தொண்டை கரகரத்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார். என் பதவிக்காலத்தில் என்னைவிட நன்றாக இந்த வேலையைப் பார்த்தவர் அவர்தான், சம்பளம் கிடையாது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது கிருமியைப் பற்றி அல்ல, அதைப் புத்தகம் சொல்கிறது. 'வராதீங்க, பிள்ளைக்கு ஆகாது' என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகுங்கள். உங்கள் தொண்டையே கரகரக்கும் காலையில் அதையே உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். அதுதான் ரொம்பக் கஷ்டம்.

கிள்ளானுக்குத் திரும்பும் நாளில் வேன் வந்து நின்றது. இருமல் நின்று ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போது உள்ளே போய்த் தூக்கலாம் அத்தை என்று நானே சொன்னேன். அவர் யோசித்தார். வேன் நிறைய இருக்கும் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். அவர்களில் இரண்டு பேருக்கு இன்னும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "இதுங்களோட ஒரே வீட்டுல கெடந்தேன். வேணாம்," என்றார். சரோஜா மூடிய கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அத்தனை நாள் அந்த வாசலில் காவல் இருந்தவர் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வேனில் ஏறினார்.